நான் சாகடித்த ஒன்பது பேர்

எக்செல் தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கையால் எழுதிய நோட்டுப் புத்தகத்தை எங்கே பார்த்தாலும் உள்ளங்கை அரிக்கும். யாரும் கேட்காமலேயே, "இதை என்கிட்ட குடுங்க, ரெண்டே நாள்ல நீட்டா பண்ணித் தர்றேன்" என்று வாய் சொல்லிவிடும். இருபத்தாறு வயதில் எனக்கு இந்த வியாதி முற்றியிருந்தது. அதன் பலனாக, எங்கள் சபையைச் சேர்ந்த ஒன்பது பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆராதனை நடுவில், திரையில் பெயர் போட்டு, மணியடித்துச் சாகடித்தேன். அவர்களில் ஒருவர் அப்போது கோயிலுக்குள்தான் உட்கார்ந்திருந்தார்.

இதை நான் சிரித்துக்கொண்டேதான் எல்லோரிடமும் சொல்வேன். கேட்பவர்களும் சிரிப்பார்கள். ஆனால் நடுவில் ஒரு பகுதி வரும். அதை மட்டும் வேகமாகச் சொல்லித் தாண்டிவிடுவேன். இந்தத் தடவை தாண்டாமல் எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது நான் வெளிவட்டச் சாலையில் ஒரு கம்பெனியில் டேட்டா அனலிஸ்டாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் யார் கேட்டாலும் அம்மா, "கம்ப்யூட்டர்ல கணக்கு பாக்குறா" என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "கணக்கு இல்லம்மா, டேட்டா" என்று திருத்துவேன். "டேட்டா பொய் சொல்லாது" என்று வேறு ஒரு வசனம் வைத்திருந்தேன். கத்தரிக்காய் வேகவில்லை என்று அப்பா சொன்னால்கூட, "எத்தன நிமிஷம் வெச்சீங்கன்னு டேட்டா இருக்கா?" என்று கேட்கிற ஜென்மம். (என் தம்பி ஜோயல் என்னை அடிக்காமல் விட்டது அவனுடைய பெருந்தன்மை.)

அந்தச் சமயத்தில் எங்கள் சபைக்குப் புது ஐயர் மாற்றலாகி வந்தார். (எங்களில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். இதைக் கேட்டு என் ஆபீசில் ஒருவர், "உங்க சர்ச்ல பிராமின்ஸா?" என்று ஒரு வாரம் குழம்பினார்.) வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் என்று பரந்து கிடக்கிற நானூறு குடும்பங்களில் அவருக்கு நாலு முகம்கூடப் பழகவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் கை கொடுக்கும்போது, "ஆபீஸ்ல மூணு நோட்டு இருக்கும்மா. எதுல யார் இருக்காங்கன்னே எனக்குப் பிடிபடல" என்று அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னார். உள்ளங்கை அரித்தது.

"ஐயரே, நான் ஒரே ஷீட்டா போட்டுத் தர்றேன். பேர், போன் நம்பர், குடும்பம், எல்லாம். அடுத்த மாசம் மரித்தோர் நினைவு ஆராதனை வருதுல்ல? அதுக்கு வாசிக்கிற பேர் லிஸ்ட்கூட அதுலருந்தே எடுத்துடலாம். ஒரு ஃபில்டர் போட்டா போதும்."

"அவ்வளவு ஈஸியாம்மா?"

"இனிமே ஆபீஸ்ல யாரும் இல்லன்னாகூட வேலை நடக்கும் ஐயரே."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கவே வேண்டாம். ஏனென்றால் சபை ஆபீசில் இருந்தது ஒரே ஒருவர். ரோஸ்லின் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்த மூன்று நோட்டுகளும் அவர் எழுதியவை. அந்த வாக்கியம் எப்படியோ கமிட்டிவரை போய், அங்கே யாரோ ஒருவர், "அப்படின்னா ரோஸ்லினுக்கு இனிமே அரை நாள் வேலை போதுமே" என்று சொன்னாராம். அது ரோஸ்லின் அக்காவின் காதுக்கும் போய்விட்டது. என் காதுக்குத்தான் வரவில்லை.

நோட்டுகளை வாங்கப் போனபோது அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் அக்கா மகளின் பிரசவத்துக்காக கே.ஜி.எஃப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டே மூன்று நோட்டையும் மேஜைமேல் தள்ளினார்.

"ரெண்டு வாரம் ஆவும் நான் வர்றதுக்கு. இன்னா சந்தேகம்னாலும் போன் பண்ணும்மா. எழுத்து கோணலா இருக்கும்."

"பரவால்லக்கா. பேட்டர்ன் பாத்தா எனக்குப் புரிஞ்சிடும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "பேட்டர்ன்" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இரண்டு நோட்டுகள் பழையவை. நீல அட்டை போட்டதுதான் நடப்பு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் குடும்பம் குடும்பமாகப் பெயர்கள். சில பெயர்களின் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு சின்னச் சிலுவை. வேறு சில பெயர்களின் மேல் பென்சிலால் மெல்லிய ஒரு கோடு. ஒருசிலவற்றுக்கு இரண்டும்.

இதற்கு அர்த்தம் எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தேன். சிலுவை என்றால் மரணம். கல்லறையில் சிலுவைதானே நடுகிறோம்? பென்சில் கோடு என்றால் ஊரை விட்டுப் போனவர்கள். பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். எவ்வளவு சுலபம்!

ஆனாலும் நான் பொறுப்பான அனலிஸ்ட். ஊகத்தைச் சோதித்துப் பார்க்காமல் விடுவேனா? எங்கள் தெருக்கோடி ஸ்டீபன் அங்கிளின் பெயரைத் தேடி எடுத்தேன். அவர் எட்டு மாதம் முன்னால் இறந்துபோனார். அவருடைய மனைவி வீட்டைக் காலி செய்துகொண்டு ஓசூரில் மகனோடு இருக்கப் போய்விட்டார். நோட்டில் ஸ்டீபன் அங்கிளின் பெயருக்குப் பக்கத்தில் சிலுவை இருந்தது. மேலே பென்சில் கோடும் இருந்தது. இறந்தார், சிலுவை. குடும்பம் ஊர் மாறியது, கோடு. இரண்டு ஊகமும் அப்படியே பொருந்தின! அந்த மதியம் நான் எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. நானூறு குடும்பங்களுக்கு ஒரே ஒரு ஸ்டீபன் அங்கிளை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஒரு தடவை போனைக் கையில் எடுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். ரோஸ்லின் அக்காவின் நம்பரை எடுத்துத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் என்ன கேட்பது? 'அக்கா, சிலுவைன்னா இன்னா அர்த்தம்?' இதைக் கேட்க அரை நிமிடம் ஆகும். ஆனால் கேட்டால், அவர் இல்லாமல் வேலை நடக்கும் என்று நான் சொன்னது பொய்யாகிவிடும். போனைக் கவிழ்த்து வைத்தேன். எனக்குத் தெரியாமல் நடந்த தவறு என்று பிற்பாடு பல பேரிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை.

அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, பேரா? குடு, நான் பாக்குறேன். எனக்கு எல்லாரையும் தெரியும்."

நான் லேப்டாப்பைச் சாத்தினேன். "அம்மா, இது மத்தவங்க பர்சனல் டேட்டா. கண்டவங்களுக்குக் காட்டக்கூடாது."

"கண்டவங்களா? நான் பெண்கள் ஐக்கியத்துல பதினெட்டு வருஷமா இருக்கேன்டி."

"பிரைவசி-மா."

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளிடம் அந்தப் பட்டியலைப் பத்து விநாடி காட்டியிருந்தால் போதும். நான் மாதத்துக்கு ஒரு முறை கோயிலுக்குப் போகிறவள். அதிலும் பிரசங்கத்தின்போது கண்ணை மூடித் தியானிக்கிற ரகம்.

மரித்தவர்கள் பட்டியலில் பதினாறு பெயர் வந்தது. அகர வரிசைப்படி அடுக்கினேன். ஐயருக்குத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். கோயில் திரையில் காட்டுவதற்கு, வெள்ளை லில்லிப் பூவும் புறாவும் போட்டு, பதினாறு பெயரும் ஒரே பக்கத்தில் வருகிற மாதிரி ஒரு ஸ்லைடும் செய்தேன். புறாவை மூன்று தடவை மாற்றினேன். புறாவுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைப் பெயர்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

நினைவு ஆராதனை அன்று கோயில் நிரம்பியிருந்தது. அந்த வருடத்தில் யாரையாவது பறிகொடுத்த குடும்பங்கள் வெள்ளை உடுத்தி முன்வரிசைகளில் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு பெயராக ஐயர் வாசிப்பார். ஒரு மணி அடிக்கும். அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார். கோயிலுக்கு வர முடியாதவர்கள் வீட்டில் பார்ப்பதற்காக எல்லாம் நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அன்றைக்குப் பார்த்துப் புதுச் சேலை கட்டிக்கொண்டு, நடுவரிசையில் அம்மா பக்கத்தில், என் ஸ்லைடைப் பார்ப்பதற்காகவே உட்கார்ந்திருந்தேன்.

திரையில் லில்லிப் பூ மலர்ந்தது.

"அந்தோணியம்மாள்" என்று ஐயர் வாசித்தார். மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஆரோக்கியநாதன்." மணி. யாரும் இல்லை.

பின்னால் குசுகுசுவென்று ஆரம்பித்தது. "ஆரோக்கியம் அண்ணனா? எப்போ?" "போன வாரம்தானே போய் ஜெபம் பண்ணிட்டு வந்தோம்?" "சொல்லவே இல்லியே!" "ஸ்க்ரீன்லயே போட்டிருக்காங்களே, தெரியாமலா போடுவாங்க?"

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை என் முழங்கைக்கு மேல் வந்து பிடித்தது. பிடி இறுகிக்கொண்டே போனது.

"எஸ்தர் மனோகரி." மணி.

"ஷீபா" என்றாள் அம்மா, உதடு அசையாமல். "இன்னாடி பண்ணி வெச்சிருக்கே?"

"கனகராஜ்." முதல் தடவையாக ஒரு பெண் எழுந்து போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அப்பாடா என்று இருந்தது. ஒருவராவது செத்திருக்கிறாரே என்று நிம்மதிப்பட்ட ஒரே ஆள் அன்று அந்தக் கோயிலில் நானாகத்தான் இருப்பேன்.

"தேவசகாயம்."

மணி அடிப்பதற்கு முன்னால், பக்கவாட்டு வாசல் ஓரத்தில் போட்டிருந்த நாற்காலியிலிருந்து, கணீரென்று ஒரு குரல் கேட்டது.

"பிரசென்ட்!"

கை வேறு தூக்கியிருந்தார். தேவசகாயம் சார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இடுப்பு எலும்பு முறிந்து ஆறு மாதம் படுக்கையில் இருந்துவிட்டு, அன்றைக்குத்தான் முதன்முதலாக வாக்கர் பிடித்துக்கொண்டு, ஆட்டோவில் கோயிலுக்கு வந்திருந்தார். தூரத்துத் திரை அவருக்குத் தெரியவில்லை. பெயர் காதில் விழுந்ததும், பழக்கதோஷத்தில் பதில் சொல்லிவிட்டார்.

மணி அடிக்கிறவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார். ஐயர் தாளைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். இளைஞர் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது நெருப்பு மாதிரி பரவியது. சாரின் மனைவி கிரேஸ் ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. ஆறு மாதம் அவரைத் தூக்கி உட்காரவைத்துச் சோறூட்டியவர் அவர். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார்.

ஐயர் ஒரு பாட்டு எண்ணைச் சொல்லிச் சமாளித்தார். எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். நான் மட்டும் எழவில்லை.

ஆராதனை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஐயர் கோபப்படவில்லை. "இந்த லிஸ்ட் எப்படிம்மா எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அப்போது நான் சொன்ன பதில்தான் அன்று நான் செய்ததிலேயே கேவலமான காரியம்.

"ஐயரே, சோர்ஸ்லயே டேட்டா குவாலிட்டி சரியில்ல. நோட்டுல அப்படித்தான் இருந்துச்சு."

பழியை ரோஸ்லின் அக்காவின் தலையில் போட்டேன். அவர் அங்கே இல்லை என்ற தைரியத்தில். அம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஐயரின் போன் அடித்தது. கே.ஜி.எஃப்பிலிருந்து ரோஸ்லின் அக்கா. நேரலையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார். ஐயர் போனை மேஜையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்தார்.

"ஐயரே, அவங்க எல்லாம் உசுரோட இருக்காங்க ஐயரே! நடக்க முடியாதவங்க, படுக்கையில இருக்கறவங்க. அவங்களுக்கு வீட்டுக்கே போயி திருவிருந்து அப்பமும் திராட்சரசமும் குடுக்கணும்ல? மறக்கக் கூடாதுன்னு சிலுவை போட்டு வெச்சேன்." மூச்சு வாங்கினார். "ஷீபா அங்க இருக்குதா?"

"இருக்கேன்க்கா."

"செத்தவங்களுக்கு நான் சிலுவை போடலம்மா. பேர் மேல பென்சில்ல ஒரு கோடு இழுப்பேன். பேனாவுல அடிக்க மனசு வராது. ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேனே."



பென்சில் கோடு. அப்போதுதான் உறைத்தது. சிலுவையும் கோடும் இருந்த ஏழு பேர், நோயில் கிடந்து இறந்தவர்கள். அவர்கள் தற்செயலாகச் சரியாக வந்துவிட்டார்கள். சிலுவை மட்டும் இருந்த ஒன்பது பேர் உயிரோடு இருந்தார்கள். கோடு மட்டும் இருந்த நாலு பேர்? அவர்கள் திடீரென்று இறந்தவர்கள். அவர்களை நான் ஊர் மாறிப் போனவர்கள் என்று நீக்கியிருந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். பின்னாலேயே ஐயரும் வந்தார். முன்வரிசையில் ஒரு பெண் இன்னும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். இருபக்கமும் இரண்டு பிள்ளைகள். பையனுக்குப் பத்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. அவள் பெயர் ரெஜினா. அவளுடைய கணவர் மார்ச் மாதம் வேலைக்குப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்துபோனார். பெயர் வாசிப்பார்கள், மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று காத்திருந்திருக்கிறாள்.

ஐயரிடம்தான் கேட்டாள், என்னிடம் இல்லை. "எங்க வீட்டுக்காரர் பேர் இல்லியே ஐயரே. நாங்க ஏதாவது எழுதிக் குடுக்கணுமா? சொல்லலியே யாரும்."

தவறு தன்னுடையதோ என்று கேட்டாள். இந்தப் பகுதியைத்தான் நான் எப்போதும் தாண்டிவிடுவேன். தேவசகாயம் சாரின் "பிரசென்ட்"டிலேயே கதையை முடித்துவிடுவேன். அந்தப் பையன் ஏற்றாத மெழுகுவர்த்தியைக் கையிலேயே வைத்திருந்தான். நான் அவர்கள் முன்னால் போய் நின்று, "என் தப்பு" என்றேன். ரெஜினா என்னை யாரென்று தெரியாமல் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா" என்றாள். அவள் திட்டியிருந்தால் நான் அன்று சாப்பிட்டிருப்பேன்.

அன்றைக்கு மதியம் நேராக காக்ஸ் டவுனுக்குப் போனேன். எஸ்தர் ஆன்ட்டி வீட்டில் என்ன நடந்தது என்று அதற்குள் பாதி சபைக்குத் தெரிந்திருந்தது. அவருடைய மகள் பியூலா மஸ்கட்டில் நர்ஸ். வேலைக்குக் கிளம்பிக்கொண்டே நேரலையைப் பார்த்திருக்கிறாள். அம்மா பெயர் வந்ததும் உடனே அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். ஆராதனை நேரத்தில் ஆன்ட்டி போனைத் தொட மாட்டார். மூன்று தடவை அடித்து ஓய்ந்திருக்கிறது. பியூலா அலறிக்கொண்டு கீழ்வீட்டு மஞ்சுநாத்தைக் கூப்பிட, அவர் மாடிக்கு ஓடிவந்து, "ஆன்ட்டி, பாகிலு தெகீரி!" என்று கதவைத் திறக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்தியபடி அதை இடித்திருக்கிறார். மூட்டுவலிக்கார ஆன்ட்டி எழுந்து வருவதற்குள் தாழ்ப்பாள் பிய்ந்து தொங்கிவிட்டது.

நான் போனபோது ஆன்ட்டி சோபாவில் இருந்தார். தாழ்ப்பாள் டீப்பாய்மேல் இருந்தது.

"வாம்மா. நீதான் டேட்டா பொண்ணா?"

தலையாட்டினேன்.

"டிவியில என் பேரைப் பாத்தேன். நம்ம சபையில இன்னொரு எஸ்தர் மனோகரி இருந்திருக்காங்க, பாவம், நமக்குத் தெரியாமலே போயிட்டாங்களேன்னு அவங்களுக்காக முழங்கால் வலியோட நின்னு ஜெபம் பண்ணினேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள், பக்கத்தில் இருந்த போனை எடுத்து என் கையில் கொடுத்தார். "பியூலா. நீ வந்தா பேசணும்னா."

திரையில் பியூலாவின் கண் வீங்கியிருந்தது. நர்ஸ் உடையைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"அரை மணி நேரம்" என்றாள். "அரை மணி நேரம் எங்கம்மா இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன். டிக்கெட் பாத்துட்டிருந்தேன். ஒரு போன் பண்ணிக் கேக்கறதுக்கு உங்களுக்கு இன்னா பேஜாரு?"

பேஜார் ஒன்றும் இல்லை. "சாரி" என்றேன். அவள் கட் பண்ணிவிட்டாள்.

மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டேன். ஒன்பது பேரையும், விட்டுப்போன நாலு குடும்பங்களையும் ஒவ்வொருவராக நேரில் போய்ப் பார்க்க ஐந்து நாள் ஆனது. ஆரோக்கியநாதன் அங்கிளுக்கு நடந்ததே தெரியாது. நானாகப் போய்ச் சொல்லித்தான் தெரிந்தது. (சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று அவர் மருமகள் வாசல்வரை வந்து சொன்னாள்.) அந்தோணியம்மாள் ஆன்ட்டி, "உனக்கு நான் இன்னாம்மா பாவம் செஞ்சேன்?" என்று ஒரே கேள்வியைப் பதினைந்து நிமிடம் கேட்டார். எப்படிச் சொன்னாலும் 'ஃபில்டர்' என்பதை அவருக்கு விளக்க முடியவில்லை. விளக்க விளக்க எனக்கே அது கேட்கச் சகிக்கவில்லை.

கிரேஸ் ஆன்ட்டி கதவைத் திறந்து, நான் யார் என்று பார்த்து, மறுபடி சாத்திவிட்டார். உள்ளேயிருந்து சாரின் குரல், "யாரு கிரேஸ்?" என்றது. "எமன்" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது.

சார் கட்டிலில் சாய்ந்திருந்தார். "எத்தன பேரை செக் பண்ணின?" என்று எடுத்ததும் கேட்டார்.

"ஒருத்தரை சார்."

"ஒருத்தரை!" அவருக்குத் தொண்டையில் சிரிப்பு அடைத்து இருமல் வந்துவிட்டது. கிரேஸ் ஆன்ட்டி ஓடிவந்து முதுகைத் தடவினார். "இன்னொரு தடவ கொல்லப் பாக்குறியா?" என்று என்னை முறைத்தார். ஆனால் உள்ளே போய் ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அதைக் குடிக்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர்கள் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சார் டிவியைப் போட்டுவிட்டார்.

ரோஸ்லின் அக்கா திரும்பி வந்த அன்று ஆபீசுக்குப் போனேன். அவர் இல்லாதபோது அவர் நோட்டின்மேல் பழி போட்டதைச் சொன்னேன். ஐயர் சொல்லியிருக்க மாட்டார், நான் சொல்லாவிட்டால் தெரியாமலே போயிருக்கும். அவர் மேஜை இழுப்பறையில் எதையோ தேடுவது மாதிரி செய்துகொண்டிருந்தார்.

"எம்மேல கோவம்னா சொல்லுங்கக்கா."

"கோவம் இல்லாம இருக்குமா? அரை நாள் வேலைன்னு பேச்சு வந்துச்சு. தெரியுமா உனக்கு?"

அன்றுதான் தெரிந்தது. தலைகுனிந்து நின்றேன். அவர் ஒரு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். "உக்காரு. லேப்டாப்ப தொற. நான் சொல்றேன், நீ அடி."

அன்றிலிருந்து மூன்று சனிக்கிழமை உட்கார்ந்தோம். ஒவ்வொரு பெயருக்கும் அவரிடம் ஒரு செய்தி இருந்தது. இந்த அண்ணனுக்குக் காது கேக்காது, போன் பண்ணாதே, மகனுக்குப் பண்ணு. இந்த ரெண்டு அக்காதங்கச்சிக்கும் பேச்சு இல்ல, ஒரே விலாசம்னு ஒரே கடிதம் அனுப்பிடாதே. இவங்க வீட்டுக்காரர் பேரைக் கேக்காதே, சும்மாவே அழுவாங்க. நோட்டில் இதில் ஒரு எழுத்துகூட இல்லை. எதைத் தட்டெழுதலாம், எதை எழுதவே கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார். அரை நாள் பேச்சைக் கமிட்டியில் பிறகு யாரும் எடுக்கவில்லை. அதற்கு என்னுடைய திறமையின்மைதான் காரணம். அந்த ஒரு நன்மையைச் செய்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து ஐயர் சரியான பட்டியலை மறுபடி வாசித்தார். ஒவ்வொரு குடும்பத்தையும் நானே போனில் கூப்பிட்டு, பெயரை எப்படி வாசிக்கவேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தேன். ரெஜினா, "பிரபு-ன்னு மட்டும் போதும்மா, அப்படித்தான் கூப்பிடுவோம்" என்றாள். அந்தப் பையன்தான் போய் மெழுகுவர்த்தி ஏற்றினான். முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவதில் பற்றிக்கொண்டது. நான் கடைசி வரிசையில் இருந்தேன். திரையில் லில்லிப் பூ இல்லை, புறா இல்லை. ஸ்லைடே இல்லை.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் ஆபீசில் யாராவது ஒரு ஷீட்டை அனுப்பினால், முதலில் அதை நிரப்பியவர் யார் என்று கேட்டு அவருக்குப் போன் போடுவேன். என் மேனேஜர் இதை ஏதோ பெரிய கொள்கை என்று நினைத்துக்கொண்டு புதிதாகச் சேர்கிறவர்களிடம் பாராட்டிச் சொல்கிறார். நான் மறுப்பதில்லை. பயம் என்று சொன்னால் மரியாதை போய்விடும்.

வீட்டில் அந்த மரியாதை எல்லாம் எப்போதோ போய்விட்டது. நான் போன் பண்ணி, "அப்பா இருக்காராடா?" என்று கேட்டால் ஜோயல், "நீதான் லிஸ்ட் பாத்து சொல்லணும்" என்பான். என்னைப் பெண் பார்க்க வந்த குடும்பத்திடம், பேச்சுவாக்கில், "பாட்டனார், பாட்டியெல்லாம் இருக்காங்களா?" என்று நான் கேட்டுவிட்டேன். அப்பா சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். (அந்தச் சம்பந்தமே அமைந்துவிட்டது. என் மாமியாருக்கு இப்போது முழுக் கதையும் தெரியும். தன் பெயரை எந்த ஷீட்டிலும் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.) பியூலா மட்டும் இதுவரை என்னோடு பேசவில்லை. ஊருக்கு வந்தால் கோயிலில் பார்ப்பேன். தலையை ஆட்டுவாள். அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மீட்டிங்கில் இருந்தபோது கிரேஸ் ஆன்ட்டியிடமிருந்து போன் வந்தது. வெளியே வந்து எடுத்தேன்.

"ஷீபா, சார் காலையில போயிட்டாரும்மா. காபி கேட்டாரு. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள."

ஆன்ட்டியே தொடர்ந்தார். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் அதில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று இருந்தது.

"புள்ளைங்களுக்குக்கூட இனிமேதான் சொல்லணும். உனக்குத்தான் மொதல்ல சொல்லச் சொல்லியிருந்தாரு. 'நான் நெஜமா போனா அந்தப் பொண்ணுக்கு மொதல்ல போன் பண்ணு கிரேஸ். வந்து கன்ஃபர்ம் பண்ணிக்கட்டும்'னு."

ஆபீசில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சாரின் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை நன்றாகப் பார்த்தேன். கையைத் தொட்டேன். அதற்குப் பிறகுதான் ரோஸ்லின் அக்காவுக்குப் போன் போட்டேன்.